அமெரிக்க அரசு முடக்கமும் ஊழியர் குடும்பங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மேரிலாந்தில் வசிக்கிறேன். என் கணவர் அமெரிக்க மத்திய அரசின் ஆய்வுக்கூடம் ஒன்றில் பணிபுரிகிறார். 2013, 2018–19, 2025 ஆகிய மூன்று முடக்கங்களையும் நாங்கள் சம்பளம் வராத வீடாக இருந்து கடந்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் நாகர்கோவிலிலிருந்து தொலைபேசியில் பேசும் உறவினர்களும், இங்கே கோயிலிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் சந்திக்கும் நண்பர்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்டார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எங்கள் அனுபவத்திலிருந்தும் சட்டத்திலிருந்தும் தெரிந்தவற்றை விடைகளாகத் தொகுத்திருக்கிறேன்.

"அமெரிக்க அரசாங்கத்தையே மூடிவிட்டார்கள்" என்று செய்தியில் சொல்கிறார்களே, ஓர் அரசாங்கத்தை எப்படி மூட முடியும்?

சட்டம் இயற்றி ஒதுக்கப்படாத பணத்தைக் கருவூலத்திலிருந்து எடுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சாசனம் சொல்கிறது. அந்நாட்டின் நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அதற்குள் நாடாளுமன்றமான காங்கிரஸ் 12 நிதி ஒதுக்கீட்டு மசோதாக்களை நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் பழைய ஒதுக்கீட்டைச் சில வாரங்களுக்கு நீட்டிக்கும் இடைக்காலத் தீர்மானத்தையாவது நிறைவேற்ற வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால், ஒதுக்கீடு கிடைக்காத துறைகள் உயிருக்கும் சொத்துக்கும் பாதுகாப்பு தரும் பணிகளைத் தவிர மற்றவற்றை நிறுத்திவிட வேண்டும். இதைத்தான் முடக்கம் என்கிறோம்.

1980 வரை இப்படி ஒதுக்கீட்டில் இடைவெளி விழுந்தால் அலுவலகங்கள் செலவைச் சுருக்கிக்கொண்டு வழக்கம்போல் இயங்கின. அந்த ஆண்டு அப்போதைய அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) பெஞ்சமின் சிவிலெட்டி, 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருந்துவரும் பற்றாக்குறைத் தடுப்புச் சட்டத்துக்குக் கண்டிப்பான விளக்கம் அளித்து, பணம் இல்லையென்றால் பணியும் இல்லை என்றார். இன்று நாம் காணும் முடக்கம் அந்தச் சட்டக் கருத்திலிருந்து பிறந்தது.

நம் ஊரில் இப்படி நடந்ததே இல்லையே, அங்கே மட்டும் ஏன் நடக்கிறது?

சட்டமின்றிப் பணம் எடுக்கக் கூடாது என்ற விதி இந்திய அரசியல் சாசனத்திலும் 114ஆம் பிரிவில் இருக்கிறது. வேறுபாடு ஆட்சிமுறையில் இருக்கிறது. இந்தியாவில் மக்களவை அரசின் மானியக் கோரிக்கையை நிராகரித்தால் அமைச்சரவையே பதவி விலக வேண்டும். ஆகவே பெரும்பான்மை உள்ள அரசுக்குப் பணம் கிடைக்காமல் போகாது. வரவு செலவுத் திட்டம் முழுமையாக நிறைவேறுவதற்கு முன் சில மாதச் செலவுக்கு 116ஆம் பிரிவின்கீழ் முன்பணம் பெறும் ஏற்பாடும் உண்டு.

அமெரிக்காவில் அதிபரும் காங்கிரசும் தனித்தனியே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். பணம் ஒதுக்கப்படாவிட்டாலும் யாருடைய பதவியும் போவதில்லை. இணங்காமல் இருப்பதன் விலையை முதலில் கொடுப்பவர் அந்த மேசையில் உட்காராத ஊழியர் என்பதுதான், எனக்குத் தெரிந்தவரை, இந்த முடக்கங்கள் இவ்வளவு நீள்வதற்குக் காரணம்.

இதுவரை எவ்வளவு நாள் நீடித்திருக்கிறது?

பல முடக்கங்கள் ஓரிரு நாளில் முடிந்திருக்கின்றன. குடும்பங்களை உலுக்கியவை நீண்டவை: 1995 டிசம்பரில் தொடங்கியது 21 நாள், 2013 அக்டோபரில் 16 நாள், 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாள், 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள்.

எல்லாத் துறைகளும் எல்லா முறையும் பாதிக்கப்படுவதில்லை. 2018–19இல் 12 மசோதாக்களில் 5 முன்பே நிறைவேறியிருந்ததால் 9 துறைகள் மட்டும் பணமின்றி நின்றன. அப்படியும் சுமார் 8 லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. 2025இல் ஒரு மசோதாகூட நிறைவேறியிருக்கவில்லை. ஆகவே "முடக்கம் வந்துவிட்டது" என்ற செய்தியைக் கேட்டதும் பதறாமல், நம் வீட்டவர் பணிபுரியும் துறைக்கு ஒதுக்கீடு ஆகிவிட்டதா என்பதை முதலில் பாருங்கள்.

என் மருமகனுக்கு "ஃபர்லோ" என்று ஒரு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். வேலை போய்விட்டதா?

போகவில்லை. ஃபர்லோ என்பது சம்பளமில்லாத கட்டாய விடுப்பு. முடக்கத்தின்போது ஊழியர்கள் இரண்டாகப் பிரிக்கப்படுகிறார்கள். முதல் நாளில் சில மணி நேரம் மட்டும் அலுவலகம் வந்து, நடந்துகொண்டிருந்த பணிகளை ஒழுங்காக நிறுத்திவைத்துவிட்டு வீட்டுக்குப் போகுமாறு சொல்லப்படுபவர்கள் ஃபர்லோ பெற்றவர்கள். விமான நிலையப் பாதுகாப்பு, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, சிறைக் காவல், எல்லைக் காவல் போன்ற பணிகளில் இருப்பவர்கள் "விலக்கு பெற்றவர்கள்". அவர்கள் நாள்தோறும் வேலைக்கு வர வேண்டும், சம்பளம் மட்டும் வராது. 2018–19இல் சுமார் 3,80,000 பேர் முதல் வகையிலும் 4,20,000 பேர் இரண்டாம் வகையிலும் இருந்தார்கள்.

மூன்றாவதாக ஒரு பிரிவும் உண்டு. தபால் துறையைப்போலத் தன் வருமானத்தில் இயங்கும் அமைப்புகளின் ஊழியர்களுக்கு முடக்கத்தால் சம்பளம் தடைபடாது.

சம்பளமே தராதபோது வேலைக்குப் போகாமல் இருந்துவிட்டால் என்ன?

விலக்கு பெற்ற ஊழியர் அனுமதியின்றி வராவிட்டால் அது வராத நாளாகப் பதிவாகி, ஒழுங்கு நடவடிக்கை வரை போகலாம். மத்திய அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வதையும் சட்டம் தடை செய்கிறது. உடல்நலமில்லை என்று விடுப்பு எடுக்கலாம். அதற்கான சம்பளமும் முடக்கம் முடிந்த பிறகுதான் வரும்.

ஆனாலும் மனிதர்களால் ஓரளவுக்குத்தான் தாங்க முடியும். 2019 ஜனவரி 20 அன்று விமான நிலையப் பாதுகாப்பு ஊழியர்களில் 10 விழுக்காட்டினர் வேலைக்கு வரவில்லை. முந்தைய ஆண்டு அதே நாளில் அது 3 விழுக்காடாக இருந்தது. பலர் சொன்ன காரணம், கையில் பணமில்லை என்பதுதான். ஜனவரி 25 அன்று விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் போதாமல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்துக்கு வரும் விமானங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அன்றே உடன்பாடு எட்டியது. 2025 நவம்பரில் இதே பற்றாக்குறையால் 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களைக் குறைக்க அரசே உத்தரவிட்டது.

வீட்டில்தானே இருக்கிறார், அலுவலக மின்னஞ்சலையாவது பார்த்து வைக்கலாமே?

பார்க்கக் கூடாது. அரசுக்கு இலவசமாக உழைப்பைத் தருவதையும், அதை மேலதிகாரி ஏற்றுக்கொள்வதையும் முன்னர்ச் சொன்ன பற்றாக்குறைத் தடுப்புச் சட்டம் தடுக்கிறது. தெரிந்தே மீறினால் 5,000 டாலர் வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் விதிக்க அச்சட்டத்தில் இடம் இருக்கிறது. என் கணவர் பல மாதங்களாக நடத்திவந்த ஒரு சோதனை அந்த நாட்களில் பாழாவதை வீட்டிலிருந்தே அறிந்தும், ஒரு வரி எழுதிக் கேட்க முடியாமல் இருந்தார். இதை விடுமுறை என்று வாழ்த்தியவர்களிடம் அவர் பதில் எதுவும் சொல்லவில்லை.

எந்தத் தேதியிலிருந்து சம்பளம் நிற்கும்?

இங்கே சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முடிந்துபோன காலத்துக்காகத் தரப்படுகிறது. அதனால் முடக்கம் தொடங்கிய உடனே அடி விழாது. 2025இல் அக்டோபர் 1 என்பது ஒரு சம்பளக் காலத்தின் நடுவில் வந்ததால், அடுத்து வந்த சம்பளம் செப்டம்பர் 30 வரைக்கும் கணக்கிடப்பட்டுக் குறைந்த தொகையாக வந்தது. அதற்கடுத்து அக்டோபர் கடைசியில் வர வேண்டியது முழுமையாக நின்றது. 2018–19இல் டிசம்பர் இறுதியில் ஒரு சம்பளம் கிடைத்தது. ஜனவரி 11, ஜனவரி 25 என இரண்டு தவணைகள் வரவில்லை.

இந்தப் பத்துப் பதினைந்து நாள் இடைவெளியே குடும்பத்துக்குக் கிடைக்கும் அவகாசம். தானாகவே வங்கியிலிருந்து கழியும் கட்டணங்கள் எவையென்று பட்டியலிட்டு, அவசியமற்றவற்றை நிறுத்த வேண்டியது அப்போதுதான். கணக்கில் பணமில்லாமல் ஒரு கட்டணம் திரும்பினால், வங்கியும் வசூலிப்பவரும் தனித்தனியே தண்டம் போடுவார்கள்.

பின்னால் முழுச் சம்பளமும் கொடுத்துவிடுகிறார்களே, அப்புறம் என்ன நஷ்டம்?

நான் மிக அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். இதற்காகவே இந்தத் தொகுப்பை எழுதத் தொடங்கினேன். சம்பளம் என்பது ஒரு தொகை மட்டுமன்று, அது வரும் நாளும் சேர்ந்ததுதான் சம்பளம். வீட்டு வாடகையோ வீட்டுக் கடன் தவணையோ 1ஆம் தேதி கட்ட வேண்டும். குழந்தைக் காப்பகக் கட்டணம் மாதத் தொடக்கத்தில். கார் தவணை, மின்கட்டணம், மாத்திரைச் செலவு எல்லாவற்றுக்கும் தனித்தனி நாள் உண்டு. பிப்ரவரியில் வரப்போகும் பணம் ஜனவரியில் குழந்தையின் ஆஸ்துமா மருந்தை வாங்கித் தராது.

2019 ஜனவரியில் எங்கள் மகளுக்கு மூன்று வயது. அவள் போய்வந்த காப்பகத்தில் பிப்ரவரிக் கட்டணத்தைக் குறித்த நாளில் கட்டாவிட்டால் இடத்தை வேறு குழந்தைக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். இடம் போனால் மறுபடி கிடைக்க ஓராண்டு ஆகும். முடக்கம் நாளையே முடிந்து கணவர் வேலைக்குப் போக வேண்டி வந்தால் குழந்தையை எங்கே விடுவது? வீட்டில் இருவரும் இருக்கும்போதே காப்பகத்துக்குக் கடன் அட்டையில் கட்டணம் கட்டினோம். நிலுவைச் சம்பளம் வந்த பிறகும் அந்த அட்டையின் வட்டி ஏப்ரல் வரை எங்களைத் தொடர்ந்தது. நம் ஊரில் இப்படியொரு நெருக்கடி வந்தால் ஒரு சங்கிலியை அடகு வைத்து அரை மணி நேரத்தில் பணத்தோடு வீடு திரும்பலாம். மாதக் கடைசியில் மீட்கவும் செய்யலாம். அந்த வசதியின் அருமை எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

2019 ஜனவரி 24 அன்று, அப்போதைய வணிகத் துறைச் செயலாளர் வில்பர் ராஸ், ஊழியர்கள் ஏன் உணவு வங்கிக்கு (இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் தரும் இடம்) போகிறார்கள் என்று தமக்குப் புரியவில்லை, கடன் வாங்கிக்கொள்ளலாமே என்ற பொருளில் தொலைக்காட்சியில் பேசினார். கடன் தருபவர் உண்டு, உண்மைதான். அரசு ஊழியர்களுக்கான சில கூட்டுறவுக் கடன் நிறுவனங்கள் வட்டியில்லாமலே தந்தன. ஆனால் அவற்றில் ஏற்கெனவே கணக்கு இருந்து, சம்பளமும் அங்கேயே வந்துகொண்டிருந்தவர்களுக்குத்தான் அது எளிது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவருக்கும், ஒற்றை வருமானத்தில் பிள்ளைகளை வளர்க்கும் தாய்க்கும் கடன் அட்டைதான் மிஞ்சியது.

அந்த நிலுவைச் சம்பளம் சட்டப்படி உறுதியானதா, அல்லது அவர்கள் மனம்போலவா?

2019க்கு முன் சட்டப்படி எந்த உறுதியும் இருக்கவில்லை. ஒவ்வொரு முடக்கத்துக்குப் பிறகும் காங்கிரஸ் தனியாக அனுமதித்ததால்தான் ஃபர்லோவில் இருந்தவர்களுக்குச் சம்பளம் கிடைத்தது. 2019 ஜனவரி 16 அன்று கையெழுத்தான சட்டம், முடக்கம் முடிந்ததும் இயன்ற அளவு விரைவில் இரு வகையினருக்கும் சம்பளம் தரப்பட வேண்டும் என்று நிலையாக விதித்தது.

அப்படியிருந்தும் 2025 அக்டோபரில், ஃபர்லோவில் இருப்பவர்களுக்குச் சம்பளம் தானாகச் சேராது, காங்கிரஸ் புதிதாகப் பணம் ஒதுக்கினால்தான் உண்டு என்ற வாதம் வெள்ளை மாளிகை வட்டாரத்திலிருந்து கிளம்பியது. நவம்பர் 12 அன்று கையெழுத்தான சட்டம் எல்லாருக்கும் நிலுவைச் சம்பளத்தை வழங்கியதால் அந்த முறை சர்ச்சை அடங்கியது. ஆயினும் அந்த நான்கைந்து வாரங்களில், வராமலே போகலாம் என்ற கணக்கோடு செலவு செய்த குடும்பங்களின் இரவுகளை நான் அறிவேன். சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கின்றன என்பதே என் கருத்து. ஆனால் கையிருப்பைத் திட்டமிடும்போது அந்த நம்பிக்கையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

தாமதத்துக்கு வட்டியோ நஷ்ட ஈடோ கேட்க முடியாதா?

கேட்டுப் பார்த்தார்கள். 2013 முடக்கத்தில் சம்பளமின்றி வேலை செய்தவர்கள், குறித்த நாளில் கூலி தராதது தொழிலாளர் நியாயச் சட்டத்துக்கு எதிரானது என்று வழக்குத் தொடுத்தார்கள். கீழ் நீதிமன்றத்தில் வென்றார்கள். ஆனால் 2018–19 முடக்கத்தைப் பற்றிய இதேபோன்ற வழக்கில் 2022 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பணம் தரக் கூடாது என்று ஒரு சட்டம் தடுக்கும்போது தராததை மீறலாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. முன்னர்ச் சொன்ன கடன் அட்டை வட்டி போன்றவை எல்லாம் குடும்பத்தின் கணக்கிலேயே தங்குகின்றன.

என் அண்ணன் அரசு அலுவலகத்தில்தான் வேலை செய்கிறார், ஆனால் ஒரு தனியார் நிறுவனத்தின் மூலம். அவருக்கும் நிலுவைச் சம்பளம் உண்டா?

பெரும்பாலும் இல்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் நேரடி ஊழியர்களுக்கு மட்டுமே பொருந்தும். ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியருக்கு அந்த நிறுவனம் தன் கையிலிருந்து கொடுத்தால் உண்டு. இல்லாவிட்டால் போன நாட்கள் போனவைதான். அவர்களுக்கும் ஈடு செய்யும் மசோதாக்கள் காங்கிரசில் பலமுறை கொண்டுவரப்பட்டும் நிறைவேறவில்லை.

மிகக் கடுமையாக அடிபடுபவர்கள் இவர்கள்தான். அரசுக் கட்டடங்களைத் துடைப்பவர்கள், வாயிலில் நிற்கும் காவலர்கள், அருங்காட்சியக உணவகத்தில் தட்டு கழுவுபவர்கள் எல்லாரும் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள்; ஒரு வாரக் கூலிகூட சேமிப்பாக இல்லாதவர்கள். என் கணவரின் அலுவலகத் தளத்தைச் சுத்தம் செய்யும் எல் சால்வடார் நாட்டுப் பெண்மணி 35 நாள் கூலியை இழந்தார். ஒரே கட்டடம், ஒரே கதவு பூட்டப்பட்டது. ஒருவருக்குப் பணம் திரும்பி வந்தது, மற்றவருக்கு வரவில்லை. முடக்கம் முடிந்துவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்த அன்று இது என் நெஞ்சை உறுத்தியது, இன்னும் உறுத்துகிறது.

நான் எச்-1பி விசாவில் அப்படிப்பட்ட ஒப்பந்த நிறுவனத்தில் இருக்கிறேன். "வேலை இல்லை, சம்பளமும் இல்லை" என்று என் நிறுவனம் சொல்லலாமா?

சொல்லக் கூடாது. எச்-1பி ஊழியருக்கு வேலை தர முடியாத நிலை நிறுவனத்தின் பக்கமிருந்து வந்தால், விண்ணப்பத்தில் உறுதியளித்த சம்பளத்தை அது தொடர்ந்து தர வேண்டும் என்பது தொழிலாளர் துறையின் விதி. அரசு ஒப்பந்தம் நின்றுபோனது என்பது அந்தக் கடமையிலிருந்து விலக்கு அளிக்காது. நீங்களே விரும்பிக் கேட்டு எடுக்கும் விடுப்புக்கு மட்டும் சம்பளம் தர வேண்டியதில்லை. ஆகவே "தனிப்பட்ட காரணத்துக்காக விடுப்பு" என்று எழுதித் தரச் சொன்னால், கையெழுத்திடுவதற்கு முன் குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கேளுங்கள்.

மருத்துவக் காப்பீடு நின்றுவிடுமா? எனக்கு அடுத்த மாதம் பிரசவம்.

நிற்காது. சம்பளம் வராத நாட்களிலும் ஊழியரின் மருத்துவக் காப்பீடு தொடரும். அவர் பங்குக் கட்டணம் சேர்ந்துகொண்டே வந்து, நிலுவைச் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும். ஆயுள் காப்பீடும் தொடரும். முடக்கத்துக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். மருத்துவமனையில் நாமே செலுத்த வேண்டிய பங்குத் தொகைக்கு மட்டும் கையில் பணம் வேண்டும். அதைத் தவணையாகக் கட்ட அனுமதி கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

வேலையின்மை உதவித்தொகை கேட்கலாமா?

ஃபர்லோவில் இருப்பவர் தாம் பணிபுரியும் அலுவலகம் இருக்கும் மாநிலத்தில் விண்ணப்பிக்கலாம். வசிக்கும் மாநிலத்தில் அன்று என்பதைக் கவனியுங்கள். வர்ஜீனியாவில் வீடும் வாஷிங்டனில் அலுவலகமும் உள்ளவர்கள் இதில் தவறிவிடுகிறார்கள். சம்பளமின்றி முழுநேரம் வேலைக்குப் போகிறவருக்கு, அவர் வேலையில் இருக்கிறார் என்ற காரணத்தால், பொதுவாக உதவித்தொகை இல்லை. 2019இல் கலிபோர்னியா ஆளுநர் அவர்களுக்கும் தர விரும்பியபோது மத்தியத் தொழிலாளர் துறை மறுத்துவிட்டது. கொடுமை என்றே சொல்வேன்: அதிகம் உழைத்தவருக்கே உதவி குறைவு.

நிலுவைச் சம்பளம் வந்ததும் வாங்கிய உதவித்தொகையை மாநிலத்துக்குத் திருப்பித் தர வேண்டும். ஆகவே இதை வட்டியில்லாக் கடன் என்று கருதி, திருப்பித் தர வேண்டிய தொகையைத் தனியே எழுதி வையுங்கள்.

ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா? இடையில் வேறு வேலை பார்க்கலாமா?

அரசு ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்திலிருந்து கடனாக எடுத்தால், பணம் உங்களுக்கே திரும்பச் சேரும். நெருக்கடிக் காரணம் காட்டி நிரந்தரமாக எடுத்தால் வருமான வரியும், 59½ வயதுக்குக் குறைந்தவருக்குப் பெரும்பாலும் 10 விழுக்காடு தண்டமும் உண்டு. எடுக்க வேண்டியே வந்தால் கடனாக எடுங்கள்.

வேறு வேலை பார்க்கத் தடையில்லை. ஆனால் அரசு ஊழியருக்கான ஒழுக்க விதிகள் ஃபர்லோவிலும் பொருந்தும். சில துறைகளில் முன் அனுமதி வாங்க வேண்டும், நம் அலுவலகத்தோடு தொடர்புடைய நிறுவனத்தில் சேரக் கூடாது. எங்களுக்குத் தெரிந்த சிலர் வாடகைக் கார் ஓட்டினார்கள்.

கடன் தவணை தவறினால் என்ன ஆகும்? அவருடைய பாதுகாப்பு அனுமதி போய்விடும் என்று பயமுறுத்துகிறார்களே.

முப்பது நாளுக்கு மேல் தவறிய தவணை கடன் வரலாற்றில் ஏழு ஆண்டு வரை நிற்கலாம். அதனால் தவறிய பிறகு விளக்குவதைவிட, தவறுவதற்கு முன்பே வங்கிக்கும் வீட்டுக்காரருக்கும் ஃபர்லோ நோட்டீசின் நகலோடு கடிதம் எழுதுவது நல்லது. அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகமே 2018 டிசம்பரில் இதற்கான மாதிரிக் கடிதங்களை வெளியிட்டது. வாடகைக்கு ஈடாகப் பெயின்ட் அடித்தல், தச்சு வேலை போன்றவற்றைச் செய்து தரலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்கும் வாசகம் அவற்றுள் ஒன்றில் இருந்தது; அதைப் படித்த அன்று பல ஊழியர்கள் மனம் உடைந்துபோனார்கள்.

பாதுகாப்பு அனுமதி என்பது இரகசியத் தகவல்களைக் கையாள அரசு தரும் அனுமதி. அதைப் பரிசீலிக்கும்போது கடன் நிலை பார்க்கப்படுவது உண்மை. ஆனால் தம் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் கடன் ஏற்பட்டு, அதைப் பொறுப்போடு தீர்க்க முயன்றிருந்தால் அது சாதகமாகக் கொள்ளப்படும் என்று அதே விதிகள் சொல்கின்றன. மேற்சொன்ன கடிதங்களின் நகல்கள் அப்போது உங்களுக்குச் சான்றாகும்.

படைவீரர்களுக்காவது தவறாமல் சம்பளம் தருகிறார்களா?

ஒவ்வொரு முறையும் அப்படி நடக்கவில்லை. 2013இல் முடக்கம் தொடங்குவதற்குச் சற்று முன் தனிச் சட்டம் இயற்றி அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு கண்ணி விட்டுப்போனது. போரில் இறந்த வீரரின் குடும்பத்துக்கு உடனே தரப்படும் 1,00,000 டாலர் உதவித்தொகை நின்றுபோய், சவப்பெட்டியை வரவேற்கப் போகும் குடும்பங்களுக்குப் பயணச் செலவுக்கும் வழியில்லாமல் ஆனது. ஃபிஷர் ஹவுஸ் என்ற அறக்கட்டளை அந்தத் தொகையைத் தான் தருவதாக முன்வந்தது. அதன்பின் காங்கிரஸ் விரைந்து தனிச் சட்டம் இயற்றியது.

2019 ஜனவரி 15 அன்று கடலோரக் காவல்படையினருக்குச் சம்பளம் வரவில்லை. மற்றப் படைகள் பாதுகாப்புத் துறையின் கீழ் இருந்ததால் தப்பின; இந்தப் படை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இருந்ததால் 40,000க்கும் மேற்பட்டோர் சம்பளமின்றி இருந்தார்கள். ஒதுக்கீடு நின்றதால் அமெரிக்கப் படையினர் சம்பளம் இழந்தது அதுவே முதல் முறை.

காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு மட்டும் சம்பளம் வருகிறதாமே, நியாயமா?

வருகிறது. அவர்களின் சம்பளம் ஆண்டு ஒதுக்கீட்டைச் சாராமல் நிலையான சட்டத்தால் தரப்படுகிறது; ஒரு தேர்தல் நடக்கும் முன் அதை மாற்றுவதை அரசியல் சாசனத்தின் 27ஆம் திருத்தம் தடுக்கிறது. சிலர் தங்கள் சம்பளத்தை நிறுத்தி வைக்கக் கோருகிறார்கள், சிலர் நன்கொடையாகக் கொடுக்கிறார்கள். 2025இல் அவர்களின் அலுவலக உதவியாளர்களுக்குச் சம்பளம் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நியாயமா என்று கேட்டால், இல்லை.

பக்கத்து வீட்டில் ஓர் அரசு ஊழியர் குடும்பம் இருக்கிறது. உதவினால் வாங்கிக்கொள்வார்களா? வாங்கலாமா?

நண்பர், உறவினர் என்ற முறையில் தரும் உதவியை ஊழியர் வாங்கலாம். அவருடைய அலுவலகத்தோடு தொழில் தொடர்பு உள்ளவரிடமிருந்தோ, அவருக்குக் கீழே பணிபுரிபவரிடமிருந்தோ வாங்குவதுதான் சிக்கல். விமான நிலையப் பாதுகாப்பு ஊழியருக்குப் பயணி பணம் நீட்டினால் அவர் மறுத்தாக வேண்டும். உணவு வங்கிக்குத் தருவது எல்லாருக்கும் எளிய வழி. 2019 ஜனவரியில் சமையற்கலைஞர் ஹோசே ஆந்த்ரேஸின் அமைப்பு வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூவில் சமையற்கூடம் திறந்து ஊழியர்களுக்குச் சூடான உணவு வழங்கியது. நானும் என் கணவரும் ஒரு நாள் அந்த வரிசையில் நின்றோம்.

"ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டால் நம்மவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். எங்கள் தமிழ்ப் பள்ளியில் ஓர் அக்கா எதுவும் கேட்கவில்லை. "சாம்பார் அதிகமாகிவிட்டது" என்று மூன்று வாரம் தொடர்ந்து பாத்திரத்தோடு வந்தார். ஒற்றை வருமானக் குடும்பமாக இருந்தால் குழந்தையைச் சில மணி நேரம் பார்த்துக்கொள்வதும் பெரிய உதவி.

முடக்கத்தைச் சாக்காக வைத்து ஆட்களை நிரந்தரமாக நீக்க முடியுமா?

2025க்கு முன் யாரும் முயன்றதில்லை. அந்த அக்டோபர் 10 முதல் சுமார் 4,000 ஊழியர்களுக்குப் பணிநீக்க நோட்டீஸ் அனுப்பப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ மத்திய நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. நவம்பர் 12ஆம் தேதிச் சட்டம் அந்த நோட்டீஸ்களை ரத்து செய்து, 2026 ஜனவரி 30 வரை புதியவற்றுக்கும் தடை விதித்தது. ஆகவே கையில் வந்த தாள் ஃபர்லோ நோட்டீசா, பணிநீக்க நோட்டீசா என்பதை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். இரண்டுக்கும் மேல்முறையீட்டு வழியும் கெடுவும் வேறு வேறு.

முடக்கம் முடிந்துவிட்டது. இனி என்ன செய்ய வேண்டும்?

அதிபர் கையெழுத்திட்ட மறுநாளே பெரும்பாலும் வேலைக்குத் திரும்ப வேண்டும். நிலுவைச் சம்பளம் சில நாட்களில் வந்து சேரும். ஆனால் அவசரமாகக் கணக்கிடப்படுவதால் மிகைநேரப் படியும் இரவுப் படியும் விடுபடுவதுண்டு. சம்பளச் சீட்டில் வேலை செய்த மணிகள், சேர்த்துப் பிடிக்கப்பட்ட காப்பீட்டுக் கட்டணம், சேமிப்புத் திட்டப் பிடித்தம் மூன்றையும் சரிபாருங்கள். உதவித்தொகை வாங்கியிருந்தால் மாநில அலுவலகத்துக்கு நீங்களாகவே தெரிவியுங்கள். கூடுதலாக வாங்கிய தொகை என்று அவர்கள் கண்டுபிடித்து எழுதினால் தண்டமும் சேரலாம்.

ஃபர்லோ நோட்டீஸ், கடன் கொடுத்தவர்களுக்கு எழுதிய கடிதங்கள், அந்த மாதச் சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். எங்கள் வீட்டுக் கோப்பில் இப்போது மூன்று நோட்டீஸ்கள் இருக்கின்றன.